தனிஸ்லாஸ் மன்னிக்கிறார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வராமல் போன அதிரசத்தில் பிறந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மலர் போடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் என்பதால் அதில் ஒரு கதை என் தலையில் விழும். விழாவிட்டால் கோபித்துக்கொள்வேன் என்பது வேறு விஷயம். மலருக்குப் பொறுப்பாளன் ஆன்றோ. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதுமே போன் செய்துவிட்டான்.

"சார், ரெண்டு பக்கம். படிச்சா கண்ணு கலங்கணும், ஆனா முடிவு ஆறுதலா இருக்கணும். போன வருசம் மாதிரி நாயைச் சாகடிச்சிராதீங்க சார். பிள்ளைக அழுதுருச்சுக."

உட்கார்ந்துவிட்டேன்.

மார்கழிக் குளிரில் திருநகர் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது தனிஸ்லாஸ் தன் கம்பளியை—

(வேண்டாம். எங்கள் திருநகரில் எவன் வீட்டில் கம்பளி இருக்கிறது? இதை எழுதும்போதும் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது.)

கிழக்கே ஒரு விண்மீன்—

(இந்தத் தொடக்கத்தை ஏற்கெனவே பெரிய இடத்தில் பயன்படுத்திவிட்டார்கள்.)

தனிஸ்லாஸ் மன்னிக்கத் தெரிந்தவர்.

ஆகா! இதுதான். எழுதிவிட்டு நானே வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.

2

தனிஸ்லாஸ் யார் என்று கேட்காதீர்கள். ஆசிரியர், மெலிந்தவர், சாந்தமானவர். (என் தொப்பையை அவருக்குக் கொடுக்கவில்லை.) அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சிவனாண்டி, முரட்டு ஆசாமி. நிஜத்தில் அவர் பெயர் சுருளி. செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டி, பிறகு அந்த வண்டியையே சொந்தமாக்கி, எங்கள் தெருவில் வீடும் கட்டிவிட்டார். அவரிடம் முரட்டுத்தனம் கிடையாது. கதைக்கு ஒரு முரடர் வேண்டியிருந்தது.

(சுருளிக்கு முத்திருளன் என்று ஒரு தம்பி உண்டு. கிறிஸ்துமஸ் மதியம் எங்கள் வீட்டுப் பிரியாணிக்கென்றே ஊரிலிருந்து வருவான். ஆள் அதிகமானால் கதை இழுக்கும். பெயரை அடித்துவிட்டேன்.)

சண்டை நடந்தது ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வாசலை அடைத்துக்கொண்டு குட்டியானை நின்றது. பூசைக்கு நேரமாகிவிட்டது. நான் கத்தினேன்.

"இது தெருவா, இல்ல உங்க ஊர்க் களமா?"

சாவியோடு ஓடிவந்த சுருளி சிரித்தார். "கோயிலுக்குத்தானண்ணே போறீக? சாமி எங்க ஓடியா போயிரும்?"

அவர் சமாதானத்துக்குச் சொன்னார். நானோ அதைத் திருச்சபையின் மீது நடந்த தாக்குதலாக எடுத்துக்கொண்டேன். அன்றோடு பேச்சு நின்றது. களத்தைப் பற்றிய என் வசனம் கதையில் வராது. கதையில் கத்துவது சிவனாண்டி. தனிஸ்லாஸ் செபமாலையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

3

தீபாவளிக்கு அங்கிருந்து இங்கே தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அங்கே தட்டு போகும். சுருளி குடிவந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அவர் மனைவி ராக்கம்மாள் அதிரசம் சுட்டால் தெருமுனையில் நிற்கிறவனுக்கும் பசிக்கும். இந்த ஆண்டு தட்டு வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேப்பர் படிப்பது போல.

"பாத்தியா? ஒரு அதிரசம் குடுக்கக்கூட மனசு வரல. இம்புட்டுத்தான் அவுக" என்றேன், என் மனைவி சகாயமேரியிடம்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரிதான், இவளும் நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தட்டு வராத இடத்தில்தான் கதை சூடுபிடிக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று தனிஸ்லாஸ் தானே தட்டோடு போய் வாசலில் நின்று, "சிவனாண்டி, உன்னை மன்னித்துவிட்டேன்" என்கிறார். சிவனாண்டி தடாலென்று காலில் விழுகிறார். எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. மன்னிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, வாசகரே. கூன் விழுந்த முதுகும் நிமிர்ந்துவிடும். நமக்கு யாரும் தப்பே செய்யாவிட்டால் பாவம், நாம் எப்படித்தான் நல்லவராவது?*

* இந்தக் கடைசி வாக்கியம் இப்போது கிண்டல். முதல் பிரதியில் கிண்டல் இல்லை.

4

சகாயமேரி அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு, கதையை வாசித்துக் காட்டினேன். தட்டு வராத இடம் வந்ததும் அச்சை எண்ணெயிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சாவு விழுந்த வீட்டுல எப்படிங்க பலகாரம் சுடுவாக? ஒரு வருசத்துக்கு அவுகளுக்கு நல்லநாள் ஏது?"

"சாவா? யாரு?"

"யாரா? முத்திருளன். புரட்டாசியில. நாகமலை புதுக்கோட்டைக்கிட்ட லாரி தட்டி. சொன்னேன்ல ஒங்ககிட்ட!"

"எங்கிட்டயா?"

"ஒங்ககிட்டதாங்க. எழுதிக்கிட்டு இருந்தீக. சுருளி தம்பி தவறிட்டான், ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம்னேன். 'ம்'னீக. சேலை மாத்திட்டு வந்து நின்னேன். நீங்க நிமிரவே இல்ல. நான் மட்டும் போனேன்."

அன்று எழுதியது நினைவுக்கு வந்தது. 'அயலாரை நேசிப்போம்' என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை. நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, டூர் போயிருக்கிறார்கள், காசுக் கொழுப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

"கோவம் இன்னும் அடங்கலையாக்கும்னு நெனச்சேன்" என்றாள். "தீவாளியன்னைக்கு அதிரசம் வரலன்னு சொன்னீகள்ல? இந்தக் கல்நெஞ்சக்கார மனுசனோடவா குடும்பம் நடத்துறோம்னு இருந்துச்சு. ராக்கம்மா, சார் வரலையான்னு கேட்டுச்சு. ஒடம்புக்கு முடியலன்னு பொய் சொன்னேன். அதுக்கு நான் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் வேற பண்ணேன்."

முறுக்கு கருகிப்போனது.

5

இரண்டாம் பகுதியில், அடைப்புக்குறிக்குள், முத்திருளனை வெட்டினேனே, பார்த்தீர்களா? நான் வெட்டியபோதே அவன் உயிரோடு இல்லை. எனக்கோ கதை இழுக்குமே என்ற கவலை.

சாப்பிட்டு முடித்து, கை காயக் காய உட்கார்ந்து, "அண்ணே, ஒங்க சாமி மாசத்துக்கு ஒருக்கப் பொறக்கக்கூடாதா?" என்று கேட்பான். இதை ஏன் கதையில் போடவில்லை? தனிஸ்லாஸை விட அவன் நன்றாகப் பேசிவிடுவான் என்பதாலா? அடுப்படி வாசலிலேயே அழுதுவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் இல்லை என்பது தாங்கவில்லை.

கதைக்கு வேறு முடிவு வேண்டும். முயன்றேன்.

சுருளி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறார். (ஆன்றோவுக்குப் பிடிக்கும். எழுதக் கை கூசியது.)

சுருளி முகத்திலடித்தாற்போலக் கதவைச் சாத்துகிறார். (நியாயம்தான். ஆனால் எனக்கு ரொம்ப வசதி. வாங்கிக்கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.)

வீடு பூட்டியிருக்கிறது. பூட்டின் மீது அந்திவெயில்— (கோழையின் முடிவு. இதைத்தான் அழகாக எழுதியிருந்தேன்.)

சகாயமேரி தாளைப் பிடுங்கினாள். "எழுதிக் கிழிச்சது போதும். எந்திரிச்சுப் போங்க."

"தட்டு?"

"துக்கம் கேக்கப் போறவுக முறுக்கோடவா போவாக? வெறுங்கையோட போங்க."

6

இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான். அதைக் கடப்பதற்குள் வசனம் தயார் செய்யப் பார்த்தேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்பது போஸ்டரில் ஒட்டுவது. 'தெரியாது' என்றால் பொய். 'தெரியும்' என்றால் அதுவும் பொய். இத்தனை ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்து என்ன புண்ணியம்?

சுருளி குட்டியானையைக் கழுவிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கார்த்திகையிலேயே அதைக் கவனித்து, மலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டியவன் நான். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நான் தினமும் காலையில் அவர் வாசல் வழியாகக் கையை வீசிக்கொண்டு நடைப்பயிற்சி போகிறவன். அவர் பார்க்காத நாளில்லை.

"வாங்கண்ணே. ஒடம்புக்கு முடியலன்னு அக்கா சொன்னாக. இப்ப எப்படி இருக்கு?"

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

வாசகரே, இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. "இப்ப தேவலை" என்றால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். முத்திருளன் சாவுக்கு நான் வராததற்குக் உடம்பு முடியாததுதான் காரணம் என்று ஆகிவிடும். "எனக்கு ஒண்ணுமே இல்ல சுருளி, அவ சொன்னா, நான் காதுல வாங்கல" என்றால், சகாயமேரி பொய்க்காரி ஆகிவிடுவாள். அவருக்கும் ஆறியது கிளறும். எது அன்பு, எது கோழைத்தனம், எனக்குப் பிடிபடவில்லை. மன்னிக்கிறவருக்கு வசனம் எழுதிப் பழக்கம் உண்டு. மன்னிக்கப்படுகிறவனுக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஆன்றோ போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு நீங்களே ஒரு முடிவு எழுதி அனுப்பிவிடுங்கள், என் பெயரைக்கூடப் போட வேண்டாம். ஆனால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். சுருளி இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.