சரி மச்சான்

ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டுச் சொந்த வீட்டுக்கு அடிக்கும்போதுதான் பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. போன் அடித்தது, எடுத்தான். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒரு நாள் பார்ப்போம் என்று படுக்கவைத்தார்கள்.

“தலையில அடிபட்டு ஆள் வராத நாளே கிடையாது இங்க,” என்றாள் நர்ஸ். “ஏணி, பைக், பாத்ரூம். பாதிப் பேர் எனக்கு ஒண்ணுமில்லன்னுதான் வருவாங்க. அதான் விடாம கேள்வி கேக்கறோம்.”

இது எந்த இடம், என்ன கிழமை, வந்திருப்பது யார்.

நர்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று தம்பி வாயசைத்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு யாரும் செய்யாத உதவி. பெயிண்டர் எல்லாம் சரியாகச் சொன்னார்.

“பாத்தியாக்கா, மாமா தெளிவா இருக்காரு. சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடலாம்.”

“நீ வாய மூடு.”

அவன் கட்டிலருகே குனிந்தான். “மாமா, ஹாலுக்குப் பச்சைதான் எடுப்பா இருக்கும்னு சொன்னேன்ல?”

“சரி மச்சான்.”

“பால்கனிக்கும் பச்சை?”

“சரி மச்சான்.”

தம்பிக்கு வாயெல்லாம் பல். அக்கா ஓடிப்போய் நர்ஸைக் கையோடு இழுத்துவந்தாள்.

“சிஸ்டர், இவன் சொல்றதுக்கெல்லாம் சரிங்கறாரு.”

“நல்லதுதானே?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவகூட சொன்னதில்ல. மச்சான்னே கூப்பிட மாட்டாரு. எருமைன்னுதான்.”

தம்பியின் பல் மறைந்தது.

“சிஸ்டர்... கேள்விக்கெல்லாம் நான்தான் பின்னாடி நின்னு சொல்லிக் குடுத்தேன்.”

நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணின் பாவை பெரிதாக இருந்தது. சிரிக்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள். மறுபடி ஸ்கேன். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. மண்டையைத் திறந்தார்கள்.

ஆபரேஷன் முடியும்வரை அக்கா தம்பியைத் திட்டவே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பெயிண்டர் கண் விழித்தபோது தலை முழுக்கக் கட்டு.

“வந்திருக்கறது யாரு, சொல்லுங்க,” என்றாள் நர்ஸ்.

தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பெயிண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எருமை.”

அக்காவுக்கு அது போதவில்லை. தம்பியை இடித்தாள். “கேளுடா.”

“மாமா... ஹாலுக்குப் பச்சை அடிச்சிடவா?”

“உன் மூஞ்சில அடி.”

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“பால்கனிக்கு, மாமா?” என்றான், ஆசையாக.