இரண்டாவது பிரேக்

...வந்துவிட்டான் பார், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற மகராசன், நடுவில் இருக்கிற நாமெல்லாம் மனுஷர்களா இல்லை நட்டு வைத்த கல்லா, ஒரு சிக்னல் போட்டால் விரல் தேய்ந்துவிடுமோ துரைக்கு, இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தானோ... என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, தன் பக்கத்து பிரேக்கை மெல்ல அமுக்கினாள். பயிற்சி வண்டி அல்லவா, ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற அவளுக்கு ஒரு பிரேக், இரண்டையும் அடியில் ஒரு கம்பி இணைக்கிறது, இவள் அமுக்கினால் அந்தப் பெடலும் சேர்ந்தே இறங்கும். வண்டி பணிவாக வேகம் குறைந்தது. "இன்னிக்கு வண்டி சொன்ன பேச்சு கேக்குதுக்கா," என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நர்ஸ், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே. கேக்கும் கேக்கும், நேரா பாத்து ஓட்டு என்றாள் இவள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு டெஸ்ட்டுக்குப் போகிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது. கடைசி வகுப்பு, ஒரு மணி நேரம், அதில் பத்து நிமிஷம் போய்விட்டது.

கால் வலித்தது. காலையிலிருந்து ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே சாலை, ஒரே ரவுண்டானா, ஒரே கிறுக்கர்கள். எதிர்த்திசையில் வருகிற பைக், அதுவும் முகத்தில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, என்னமோ தப்பு நம்முடையது என்பதுபோல. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கழுத்து சுளுக்கினவன் மாதிரி போகிற இன்னொருவன். கார்க் கதவைத் திறக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் கண் போய்விடும் என்று நினைக்கிறவர்கள். பின்னால் நின்று ஹார்ன் அடிக்கிறவன், அடித்தால் சிவப்பு விளக்கு பயந்துபோய்ப் பச்சையாகிவிடும் என்று யார் சொன்னார்கள் இவனிடம்? முன்பெல்லாம் கோபம் வரும், கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை, பயம் மட்டும்தான் மிச்சம். எப்போது ஆரம்பித்தது இது... எட்டு வருஷம் இருக்குமா? ஒரு லாரி. இடிக்கவில்லை, உரசக்கூட இல்லை, ஒரு விரல் இடைவெளியில் போயே போய்விட்டது, அவ்வளவுதான், ஆனால் வண்டியை ஓரங்கட்டி இறங்கினால் கால் நிற்கவில்லை. நடக்காத விபத்துக்கு யாரிடம் போய் அழுவது? அன்றிலிருந்து அந்தக் கால் பிரேக்கை விட்டு எழுந்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அமுக்கும். தூக்கத்தில்கூட அமுக்குகிறாளாம், வீட்டுக்காரர் கட்டிலின் அந்த ஓரத்துக்கே போய்விட்டார், "வண்டிய நிறுத்திட்டு தூங்கேன்" என்பார் பாதிக் கண்ணில். டிரைவிங் பள்ளி முதலாளிக்கு மட்டும் ஒரே பெருமை, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், நம்ம அக்கா வண்டியில பதினோரு வருஷமா ஒரு கீறல் கிடையாது என்று. இல்லைதான். யார் கேட்டாலும் காட்டலாம், பளபளவென்று இருக்கிறது வண்டி.

நர்ஸ் நல்ல பெண். நாலு வருஷமாக நைட் டியூட்டி, மகள் பக்கத்து வீட்டில் படுத்துத் தூங்குகிறது, காலையில் அம்மா வரும்போது அது பள்ளிக்கூடம் கிளம்பிவிடும், வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி. இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, பகல் வேலை, கார் அவர்களே தருவார்கள், லைசென்ஸ் மட்டும் ஒன்றாம் தேதிக்குள் வேண்டும். நாளைக்கு விட்டால் அடுத்த டெஸ்ட் இரண்டு மாசம் கழித்துத்தான். "ராத்திரி அதுகூட படுத்தே நாலு வருஷம் ஆச்சுக்கா," என்று முதல் நாளே சொன்னாள், சும்மா, க்ளட்ச் எது என்று கேட்கிற மாதிரி. அதற்கப்புறம் இவளுக்கு அந்தப் பெண்மேல் ஒரு இது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கால் வைத்திருப்பாளோ என்னவோ. யார் அளந்தது.

மார்க்கெட் சாலையில் திரும்பியபோதுதான் கெண்டைக்காலில் பிடித்தது. சும்மா பிடிப்பில்லை, உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு, அம்மா என்று காலைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள், குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முன்னால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது, திடீரென்று ஒன்றும் நிற்கவில்லை, ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிகிறது, நர்ஸும் பார்த்துவிட்டாள், நர்ஸின் கால் பிரேக்கில்தான் இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது... அமுக்கு, அமுக்குடி! ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி கத்திக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், அதுவும் ஒல்லிப் பூனை. பஸ் அது பாட்டுக்குக் கிளம்பிப் போனது. "அமுக்கினேன்க்கா," என்றாள் நர்ஸ். முகம் வெளுத்துப்போயிருந்தது. "சத்தியமா அமுக்கினேன். எப்பவும் அமுக்கற மாதிரியேதான் அமுக்கினேன்."

எப்பவும் அமுக்குகிற மாதிரியே. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, கெண்டைக்காலை நீவிக்கொண்டே அந்த வார்த்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் காலை வைப்பாள், பூப்போல, வைத்ததும் பெடல் தானாக இறங்கும், ஏனென்றால் இங்கே இவள் அமுக்கிவிட்டாள், பெடல் இறங்கினால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் நாம் நிறுத்தினோம் என்றுதானே அந்தப் பெண் நினைக்கும்? முப்பது நாளாக அவள் கற்றுக்கொண்டது பிரேக் பிடிப்பது அல்ல, பிரேக்கின்மேல் கால் வைப்பது. நர்ஸ் மட்டுமா? எட்டு வருஷம், வருஷத்துக்கு நூறு பேர் என்று வைத்தாலும்... ஐயோ. டெஸ்ட்டில் தோற்றாலாவது தப்பித்தோம், தோற்க மாட்டார்கள், மைதானத்தில் நத்தை வேகத்தில் எட்டுப் போடுவதற்குப் பூப்போல வைத்த கால் போதும், அத்தனை பேரும் முதல் தடவையிலேயே பாஸ். அப்புறம் சில பேர் போன் பண்ணுவார்கள், அக்கா, வண்டி லேசா இடிச்சிடுச்சு, முன்னாடி போனவன் சடன்னா நின்னுட்டான். எல்லாருக்கும் முன்னால் போனவன் சடனாகத்தான் நிற்பான், இவளும் கூடச் சேர்ந்து அந்த முன்னால் போனவனைத் திட்டுவாள், எவன் லைசென்ஸ் கொடுத்தானோ என்று. நல்லாத்தான் திட்டினே போ. இவள் மகளும்தான் சொன்னாள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, பம்பர் நசுங்கி வந்து வாசலில் நின்றபோது. மகள்! அவளுக்கும் இதே வண்டி, இதே இருக்கை, சொந்தப் பெண்ணாயிற்றே என்று காலை ஒரு நொடி எடுத்ததில்லை.

இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும், நாளைக்குப் பாஸாவாள், ஒன்றாம் தேதி வேலை, ராத்திரி மகளோடு படுப்பாள், எல்லாம் நடக்கும்... நடக்கிறவரை நடக்கும். சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், கண்ணைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு. நர்ஸுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்போ இத்தனை நாளா நான் ஓட்டலையா?" ஓட்டுனே, நிறுத்தினதுதான் நான். "அதை இப்ப சொல்றீங்க? நாளைக்கு டெஸ்ட்ட வெச்சிக்கிட்டு?" எனக்கே இப்பதாம்மா தெரியும். நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள், ஊசி போடும்போது நோயாளிகள் அவளிடம் காட்டுகிற முகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. திட்டினால் தேவலாம் என்று இருந்தது. எட்டு வருஷமாக ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றுதானே அமுக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தாள், பொய், யார் உயிர், தன் உயிருக்குப் பயந்து அமுக்கியது அது, மற்றவர்கள் வண்டிக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள், பெல்ட்டைச் சரிசெய்தாள், இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எடு வண்டிய. ஸ்கூல் வரைக்கும் நீதான்."

ஐயோ அந்தப் பத்து நிமிஷம்... முதல் நிறுத்தத்தில் நர்ஸ் மிதித்த மிதிக்கு இரண்டு பேருக்கும் பல் ஆடிவிட்டது, பின்னால் வந்தவன் கையை வீசி என்னமோ கேட்டான், நல்ல வார்த்தையாக இருக்காது. இரண்டாவதில் வண்டி அணைந்து நடுச்சாலையில் நின்றது, சுற்றிலும் ஹார்ன், ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "அக்கா, என்ன, கோயில்ல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க!" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிக்கலாம்தான். மடித்த காலுக்குள் கட்டைவிரல் தானாகச் சுருண்டு சுருண்டு எதையோ தேடியது, கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு வேன் குறுக்கே வந்தது, பள்ளத்துக்கு ஒதுங்குகிறேன் பேர்வழி என்று ஒரு பைக் உள்ளே வந்தது, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு ஒரு தடவை நின்று நின்று ஓடியது, பக்கத்தில் இருப்பவள் நிறுத்துவாளா மாட்டாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, ஊரில் எல்லாரும் இப்படித்தான் தினமும் போய்வருகிறார்களா, எப்படி முடிகிறது இவர்களுக்கு? பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நர்ஸ் காலை வைத்தாள், மிதித்தாள், குலுக்கல் இல்லை, வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

"அக்கா. இது நான்தானே பிடிச்சேன்?"

"நீயேதாம்மா."

"அப்போ நாளைக்கு?" காலைல ஆறு மணிக்கு வா, ரோடு காலியா இருக்கும், ரெண்டு மணி நேரம் இப்படியே ஓட்டு, அப்புறம் சொல்றேன் என்றாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள், கோபம் போகவில்லை, ஆனாலும் வருவாள். விளக்குக்கு இன்னும் தொண்ணூறு நொடி இருந்தது. மணி ஐந்து நாற்பது. பேரப்பிள்ளைகள் இரண்டையும் நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு மகள் கிளம்பியிருப்பாள், பின் இருக்கையில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், முன்னால் எவனோ போய்க்கொண்டிருப்பான். சொல்ல வேண்டும், இன்றைக்கே, இப்போதே, காலை நல்லா அழுத்தி மிதிடி என்று சொல்ல வேண்டும்... போனை எடுத்து மகளின் எண்ணைக்கூடத் திறந்துவிட்டாள், கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. அழைத்தால் எடுத்துவிடுவாள். அம்மா என்றால் எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவாள், ஓட்டிக்கொண்டே எடுப்பாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொல்லும்மா என்பாள். விளக்கு மாறியது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள், நர்ஸ் வண்டியை எடுத்தாள், இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.