இரண்டு புள்ளித் தோல்வி

லிப்ட்காரர் வீட்டு ஹாலில் சோபா உண்டு, ஆனால் உட்கார இடம் கிடையாது. அதன் மேல் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெருக்கல் பெட்டி, பின்னப் பெட்டி, நாடும் தலைநகரமும் அட்டைக்கட்டு, எலும்புக்கூட்டைத் துண்டு துண்டாகச் சேர்க்கிற பலகை என்று மொத்தம் இருபத்துமூன்று. எல்லாம் விளையாட்டுதான், ஆனால் 'அறிவை வளர்க்கும்' விளையாட்டு. எந்தப் பெட்டியை எடுத்தாலும் மேலே ஒரு அப்பா, ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைகள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குடும்பத்தை ஒருநாள் நிறுத்திவைத்து, அப்படி என்னதான் சிரிப்பு என்று கேட்க வேண்டும்.

லிப்ட்காரர் என்றால் லிப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், மனிதருக்குக் கோபம் வரும். அவர் லிப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிப்டுக்குள் எடைக்கற்களை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா, கதவு விரலை நசுக்குமா என்றெல்லாம் பார்த்து, உள்ளே சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருஷமாக அதே வேலை. அதனால் எதைப் பார்த்தாலும், இது எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

மனைவியையும் அப்படிச் சோதித்துப் பார்க்கப் போனார், பாச்சா பலிக்கவில்லை. அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். 'தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேங்க' என்று நாள் பூராவும் பொய் கேட்டுப் பழகிய காது அது. கடைசியில் மாட்டிக்கொண்டது மகள்தான். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குட்டி பால் குடித்து முடிப்பாள். லிப்ட்காரர் லுங்கிக்கு மாறி, தரையில் பாயை விரித்து, அட்டைகளைக் கலைத்து வைத்திருப்பார். கையில் ஒரு நீல நோட்டு. யார் எத்தனை புள்ளி, எத்தனையில் தோற்றாள், எங்கே யோசிக்காமல் போட்டாள் என்று எல்லாம் அதில் ஏறும். ஆட்டத்துக்குப் பிறகு என்ன என்பதற்கும் சட்டம் வைத்திருந்தார். குட்டி ஜெயித்தால், தேறிவிட்டாள் என்று அர்த்தம், அன்றைக்கே அடுத்த பெட்டி பிரிக்கப்படும். பத்துப் புள்ளிக்கு மேல் தோற்றால் உட்கார்ந்து இருபது கணக்குப் போட வேண்டும். கொஞ்சத்தில் தோற்றால் மட்டும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பரவாயில்ல, நெருங்கிட்டே! சரி, கீழ போய் ஆடிட்டு வா" என்பார். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருக்கும் சத்தம் மூன்று மாடி ஏறி வரும்.

இந்தச் சட்டம் வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் வாரத்தில் மூன்று ஆட்டம் ஜெயித்தவள், அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

"நல்லாத்தான் ஆடுறா. கடைசி நேரத்துல கோட்டை விட்டுடுறா. அந்த அழுத்தம் தாங்கலை அவளுக்கு" என்று மனைவியிடம் கவலைப்பட்டார்.

"அவ என்ன லிப்டா, அழுத்தம் தாங்குறதுக்கு? அந்தக் கண்றாவியெல்லாம் எடுத்துப் பரண்ல போடுங்க. நான் உட்கார சோபா வேணும்" என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவருக்கு வாய் சும்மா இருக்காது. ஆபீஸில், சலூனில், பரிசோதிக்கப் போகிற கட்டடத்தின் வாட்ச்மேனிடத்தில்கூட, "டியூஷன் எல்லாம் வேஸ்ட்டுங்க. நான் வீட்லயே விளையாட்டுல சொல்லித் தர்றேன்" என்று ஆரம்பித்துவிடுவார். அது சுற்றிச் சுற்றிக் குட்டியின் வகுப்பு டீச்சர் காதுக்குப் போயிற்று. வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் குட்டியோடு ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட முடியுமா சார் என்று டீச்சர் கேட்டதும், லிப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. நாற்பது பெற்றோர் முன்னால் குட்டி தோற்றால் என்ன ஆவது? 'எட்டு மாசமா சொல்லிக் கொடுத்து இதுதானா லட்சணம்' என்று கேட்க மாட்டார்களா? மானம் கப்பலேறிவிடும்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? நீங்க தோத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

கொள்கை உள்ளவர் அல்லவா, முதலில் முறைத்தார். பிறகு கொள்கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "சரி. ஆனா குட்டிக்குத் தெரியக் கூடாது. தானே ஜெயிச்ச மாதிரி இருக்கணும் அவளுக்கு."

சனிக்கிழமை மூன்று மணி. வகுப்பில் பிள்ளைகளுக்கான குட்டைப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் லிப்ட்காரர், அந்தப் பக்கம் குட்டி. டீச்சர் சாக்பீஸோடு கரும்பலகை பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே பள்ளி மைதானம், ஊஞ்சல், சறுக்குமரம். கூட்டம் முடிந்ததும் வரச்சொல்லிக் குட்டியின் தோழிகள் ரெண்டு பேர் ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் சுலபமானது. ஆளுக்கு ஐந்து எண் அட்டை. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு அட்டையை இறக்கி, அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். வருகிற விடைதான் புள்ளி. போட்டதற்குப் பதிலாகக் கட்டிலிருந்து ரெண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டுச் சுற்று முடிவில் யாரிடம் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்தார். கொஞ்சம் மூளை உள்ளவன் பெருக்கிக்கொண்டே போவான், சாதாரணமாக இருநூறைத் தாண்டும்.

லிப்ட்காரர் ஏழும் ஆறும் போட்டு, தொண்டையைக் கனைத்து, "கூட்டல். பதிமூணு" என்றார். குட்டி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பத்திரண்டு வரவேண்டிய இடத்தில் பதிமூன்றா? ஏதோ சோதனை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடமும் நல்ல அட்டை இருந்தது. ஆனால் ஆறும் ஐந்தும் எடுத்துப் போட்டு, "கூட்டல். பதினொண்ணு" என்றாள்.

அடுத்த சுற்றில் அவர் ஒன்பதிலிருந்து ஏழைக் கழித்து ரெண்டு எடுத்தார். குட்டி நாலிலிருந்து நாலைக் கழித்து, "சைபர்" என்றாள். பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எதிரே இருப்பவரை ஜெயிக்க வைக்க அப்பனும் மகளும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். லிப்ட்காரருக்கு வியர்த்து ஊற்றியது, இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்றே தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர் நாலு எடுத்தால் அவள் மூன்று எடுத்தாள், அவர் ஐந்து எடுத்தால் அவள் ஆறு எடுத்து, எப்போதும் கொஞ்சம் மட்டுமே பின்னால் நின்றாள். அவர் தடுமாறித் தடுமாறித் தோற்கப் பார்த்தார். அவளோ அப்பா அட்டையைக் கீழே வைக்கும் முன்பே மனசுக்குள் கணக்கை முடித்து வைத்திருந்தாள்.

ஏழு சுற்று முடிவில் பலகையில் அப்பா முப்பத்தொன்று, மகள் முப்பது. கடைசிச் சுற்றில் அவர் ஐந்திலிருந்து நாலைக் கழித்து ஒன்றே ஒன்று எடுத்தார். "முப்பத்திரண்டு. இப்ப நீ போடு கண்ணு. நல்லா யோசிச்சுப் போடு. நல்ல அட்டையா பாரு" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

குட்டி நன்றாக யோசித்தாள். மூன்றிலிருந்து மூன்றைக் கழித்தாள். சைபர்.

முப்பத்திரண்டு, முப்பது. லிப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

குட்டியின் பின்னால் வந்து அவள் கையில் மிச்சமிருந்த அட்டைகளை எட்டிப் பார்த்தார் டீச்சர். "ஏம்மா, ஒன்பதும் எட்டும் கையில வெச்சிருக்கியே. அதைப் பெருக்கியிருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே?"

"தெரியும் மிஸ். எழுபத்திரண்டு."

"அப்புறம் ஏன் போடலை?"

குட்டி ஜன்னலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத வயது. "ஜெயிச்சா அடுத்த பெட்டி வந்துடும் மிஸ். நிறையத் தோத்தா இருபது கணக்கு. ரெண்டுல தோத்தாத்தான் விளையாட விடுவாங்க."

வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, குட்டைப் பெஞ்சுகள் எல்லாம் ஆடின. லிப்ட்காரருக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. எட்டு மாதம்! அத்தனை சாயங்காலமும் இவள் தன்னை உட்காரவைத்துத் தண்ணி காட்டியிருக்கிறாளா? அதைவிட ஒன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன்னிடமிருந்து எழுந்து ஓடத்தான் பிள்ளை இவ்வளவு கணக்கும் போட்டிருக்கிறாள்.

அவர் தலைகுனிந்த நேரம் பார்த்து முன்பெஞ்சிலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். "அடேயப்பா! எட்டு வயசுல எதிராளி கணக்கையும் சேர்த்துப் போடுது பாருங்க குழந்தை! எந்தப் பெட்டி சார் அது?"

பெற்றோர்கள் எப்பேர்ப்பட்ட ஜாதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை சொன்னது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. "எங்க வாங்குனீங்க சார்?" "எத்தனை வயசுல ஆரம்பிக்கணும்?" என்று மேஜையைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். ஒரு அம்மா பேனாவும் கையுமாக நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண், குட்டியைக் கடித்துத் தின்பதுபோலப் பார்த்தது.

குட்டி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டியும் வாங்காதீங்க, பிள்ளைகளை விளையாட விடுங்க என்று அவர் சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நாற்பது தலை, நாற்பதிலும் மரியாதை. வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்?

"எழுதிக்கங்க" என்றார். "முதல்ல பெருக்கல் பெட்டி. அப்புறம் பின்னம்."

மூன்றாவது பெட்டியைச் சொல்லும்போது நிமிர்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மைதானத்தில் ஊஞ்சல் உயரமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். "சட்டத்தை மாத்துங்க." மாற்றினார். இனிமேல் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே ஒரு ஆட்டம்தான், முடிந்ததும் கீழே போகலாம், புதுப் பெட்டி வராது. "ஆனா இனிமே நிஜமா ஆடணும்" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். குட்டி தலையாட்டினாள்.

திங்கட்கிழமை நிஜமாக ஆடினாள். இருநூற்று நாற்பது, அவருக்கு நூற்று எண்பது. செவ்வாய்க்கிழமை எழுபது வித்தியாசம். புதன்கிழமை ஆட்டம் பத்தே நிமிஷத்தில் முடிந்து, குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு பறந்துவிட்டாள். "என்னங்க, அழுத்தம் தாங்கலையா?" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி. தோல்வி ஒரு பாடம் என்று எட்டு மாதமாகப் பிள்ளைக்குப் போதித்தவர், அன்றைக்கு நீல நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. வியாழக்கிழமை ஆட்ட விதியிலேயே ஏதோ தப்பு இருக்கிறதென்று பெட்டியோடு வந்த காகிதத்தை ரெண்டு தடவை படித்தார். அன்றும் தோற்றார்.

வெள்ளிக்கிழமை பாய் விரிக்கவில்லை. உள் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, வரலையா?" என்று குட்டி வாசற்படியில் நின்றாள்.

"தலைவலிம்மா. நீ கீழ போ."

இதுதானே எட்டு மாதமாக அவள் கேட்டது? போயிருக்கலாம். ஆனால் போகவில்லை. பேப்பருக்கு மேலாக அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, கீழே விழுந்த சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"வேணும்னா இன்னைக்கு நான் தோத்துடட்டுமாப்பா?"

லிப்ட்காரருக்குக் காது மடல் எரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சேச்சே, என்ன பேச்சு இது என்று அதட்ட வாயைத் திறந்தார். ஆனால் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"கதவைச் சாத்திட்டு வாம்மா" என்றார். "அம்மா காதுல விழ வேண்டாம்."