நாற்பத்தெட்டுத் தாமதங்கள்

வெனெதா மின்செவாவுக்கு அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே களைப்பாக இருந்தது. அதற்குத் தனியாகக் காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. பல்கேரியாவின் ருசே நகரப் பம்பு ஆலையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் களைப்பு உடம்போடு ஒட்டிப்போன சமாசாரம். இன்னும் பதினான்கு மாதம் ஓட்டிவிட்டால் ஓய்வூதியம். அதுவரை யாரோடும் மல்லுக்கு நிற்காமல், போன் அடித்தால் எடுத்து, காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு, சத்தமில்லாமல் கரையேறிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே திட்டம்.

"வெனெதாக்கா, சாக்லேட் எடுத்துக்கோங்க."

கலினா டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றாள். நேற்று குருத்தோலை ஞாயிறு. பூ, செடி, மரத்தின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் பெயர்நாள். கலினாவும் ஒரு செடியின் பெயர்தான். பெயர்நாள் கண்டவர் மறுநாள் ஆபீசுக்கு இனிப்போடு வராவிட்டால் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள்.

"நல்லா இரு, கண்ணு. ரெண்டு எடுத்துக்கலாமா?"

"டப்பாவையே வச்சுக்கோங்க. நான் கொண்டுவந்த இன்னொண்ணுதான் உங்களுக்குக் கசக்கும்."

அந்த இன்னொன்று நான்கு பக்க அட்டவணை. நான்கு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த கலினாவின் வேலையே அதுதான். பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டருக்குள் போட்ட கொள்முதல் ஆர்டர்களையெல்லாம் தோண்டியெடுத்து, சரக்குக் கொடுக்கிறவர்களில் யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று எண்களை வைத்துச் சொல்ல வேண்டும். விலை, திருப்பி அனுப்பிய சரக்கு, சொன்ன தேதிக்கு வந்ததா என மூன்று கணக்கு. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். கடைசி ஐந்து பேரைக் கழற்றிவிடுவதென்று இயக்குநர் லியுத்மில் முடிவெடுத்துவிட்டார். கொள்முதல் பிரிவின் சார்பில் வெனெதா பார்த்து, 'மறுப்பு இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. வெள்ளி ஈஸ்டர் பண்டிகை விடுமுறை என்பதால் வியாழனுக்குள் வேண்டும்.

கலினா கெட்ட பெண் இல்லை. அதுதான் வெனெதாவுக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினாள். நாற்பத்து மூன்றாவது இடத்தில், திங்கோ ரஸ்ஸோல்கோவ், ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம் செய்கிறவர். அறுபத்தோரு ஆர்டர். அதில் நாற்பத்தெட்டு தாமதம். சராசரித் தாமதம் பத்தொன்பது நாள்.

வெனெதா வாய்விட்டுச் சிரித்தாள். "திங்கோ அண்ணனா லேட்டு? ஏம்மா, சூரியன் வேணும்னா லேட்டா வரும். அந்த மனுஷன் வரமாட்டார்."

"எண்ணு அப்படித்தான் சொல்லுதுக்கா."

"உன் எண்ணுக்குக் கண்ணு தெரியல."

"நான் நாலு தடவ சரிபார்த்தேன்."

சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. அவள் முதல் பக்கத்துக்குப் போனாள். முதலிடத்தில் ப்லோவ்திவின் பெரிய ரப்பர் கம்பெனி. தாமதம், பூஜ்யம். அதைப் பார்த்ததும் விஷயம் மொத்தமும் அவளுக்கு விளங்கிப்போயிற்று.

ப்லோவ்திவ்காரன் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது காலை வாருவான். தேதி தாண்டிப் பத்து நாள், இருபது நாள் ஆகும். கேட்டால் லாரி என்பான், மூலப்பொருள் என்பான். இங்கே ஆலையில் பம்புகள் சீல் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கும். அப்போது வெனெதா திங்கோவுக்குப் போன் போடுவாள். அவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மெஷினை ஓட்டி, மூன்றே நாளில் தன் பழைய வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

ஆனால் முறைப்படி புது ஆர்டர் போட மூன்று கையெழுத்து வேண்டும். மூன்று கையெழுத்துக்கு ஒரு வாரம் வேண்டும். ஆகவே வெனெதா ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள். ப்லோவ்திவ் கம்பெனியின் பழைய ஆர்டரைத் திறப்பாள், அவன் பெயரை அழிப்பாள், திங்கோவின் பெயரைப் போடுவாள். தேதியைத் தொடமாட்டாள்; தேதியைத் தொட்டால் மறுபடி மூன்று கையெழுத்து. இப்படிப் பதினோரு வருஷத்தில் நாற்பத்தெட்டு தடவை. குற்றம் செய்தவனின் தாமதமெல்லாம் அவன் பெயரோடு அழிந்துபோய், ஓடிவந்து காப்பாற்றியவரின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏற்றிவிட்டது வேறு யாருமில்லை, அவளேதான்.

"கலினா, இந்த நாற்பத்தெட்டையும் கணக்கிலிருந்து எடுத்துட முடியாதா? யாருக்கும் தெரியாம?"

கலினா அவளை உற்றுப் பார்த்தாள். "எடுத்தா மிச்சம் பதிமூணு ஆர்டர்தான் இருக்கும். இருபதுக்குக் கீழ இருந்தா பட்டியல்லயே இருக்க முடியாது. அப்பவும் அவர் வெளியதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

"தப்பா இருந்தா, எப்படித் தப்புன்னு யாராவது எழுதிக் கொடுக்கணும், அக்கா. எழுதிக் கொடுத்தா நான் திருத்திடுவேன்."

எழுதிக் கொடுப்பதென்றால் பதினோரு வருஷமாக ஆவணத்தைத் திருத்தினேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது. பதினான்கு மாதம் மிச்சமிருக்கும்போது அதைச் செய்ய எவளுக்குப் பைத்தியம்? வெனெதா அட்டவணையை இழுப்பறைக்குள் தள்ளினாள். இன்னொரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அது மண் மாதிரி இருந்தது.

செவ்வாய் முழுக்க அதைத் திறக்கவில்லை. புதன்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்த திங்கோவின் பட்டறைக்குப் போனாள். ஆலை வேலை போனால் பட்டறையில் பாதி போயிற்று. அறுபத்தெட்டு வயசில் இன்னொரு வாடிக்கையாளரைத் தேடி அவர் எங்கே அலைவார்? நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அவர் வாயால் 'பரவாயில்லை' என்று கேட்டுவிட்டால் கையெழுத்துப் போடச் சுலபமாக இருக்கும் என்றும் தோன்றியது.

திங்கோ மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார். வெங்காயத்தைக் கத்தியால் சீவிச் சீவி வாயில் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா, மகாராணியே வந்தாச்சு! ப்லோவ்திவ்காரன் செத்துட்டானா?"

"இன்னும் இல்ல, அண்ணே."

"அப்ப எத்தனை ஆயிரம் வேணும்? சொல்லு. பண்டிகை முடிஞ்சு தரட்டுமா, முன்னாடியேவா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீ? பதினோரு வருஷத்துல இந்த வாசலை மிதிச்சிருக்கியா?" அவர் ஸ்டூலை அவளிடம் தள்ளிவிட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். "மூஞ்சி சரியில்லையே. ஆபீஸ்ல உனக்கு ஏதாவது தொந்தரவா? அந்தக் கடுதாசி விஷயமா?"

"எந்தக் கடுதாசி?"

"நீ அனுப்பறதுதான்." அவர் எழுந்துபோய் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு அட்டைக் கோப்பை எடுத்துவந்தார். "இது நாப்பத்தெட்டாவது. சரக்கு கேட்டு நீ போன் பண்ணுவே. அன்னைக்கே சாயங்காலம் இதுவும் மெயில்ல வந்துடும்; அச்சடிச்சு வச்சுப்பேன்."

வெனெதா வாங்கிப் பார்த்தாள். 'தங்கள் சரக்கு பதினாறு நாட்கள் தாமதமாகியுள்ளது. இது எங்களுக்கு மிகுந்த அதிருப்தி அளிக்கிறது. மீண்டும் நிகழ்ந்தால் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும். வெனெதா மின்செவா, கொள்முதல் பிரிவு.' தேதி தாண்டிய ஆர்டர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே அனுப்புகிற கடிதம். திங்கோவின் பெயரை அவள் பழைய ஆர்டரில் போட்ட அன்றைக்கே, அது பாட்டுக்குக் கிளம்பிவந்திருக்கிறது. நகல் அவளுடைய மின்னஞ்சல் பெட்டியின் ஏதோ ஒரு மூலைக்குப் போயிருக்கும். அந்த மூலையை அவள் திறந்ததே இல்லை.

"அண்ணே, இதையெல்லாம் நான் அனுப்பலை."

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

"நாப்பத்தெட்டு தடவ வந்திருக்கு. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா நீங்க?"

திங்கோ கத்தியை மடக்கினார். "என்னத்தக் கேக்க? மேல யாருக்கோ எதையோ காட்டணும்போல, அதான் நீ என்னைத் திட்டி எழுதறேன்னு நெனச்சேன். திட்டினா உனக்கு நல்லதுன்னா திட்டிட்டுப் போ. நான் என்ன குறைஞ்சா போயிடப் போறேன்?"

அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. காப்பாற்றுங்கள் என்று காலையில் போன் செய்துவிட்டு, மாலையில் அதே வாயால் 'அதிருப்தி' என்று எழுதுகிற பெண்பிள்ளை என்றுதான் இந்த மனிதர் அவளைப் பதினோரு வருஷமாக நினைத்திருக்கிறார். நினைத்தும் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பதினான்கு மாதத்தை எண்ணிப் பார்க்க முயன்றாள். எண்ணிக்கை எங்கெங்கோ தவறிப்போயிற்று.

வியாழன் காலை பத்து மணிக்கு அவள் இயக்குநரின் மேஜையில் வைத்தது இரண்டு பக்கக் கடிதம். நாற்பத்தெட்டு ஆர்டரின் எண்களும், எது யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதும் வரிசையாக இருந்தன. லியுத்மில் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஆடிட்டர் பார்த்தா என்ன பேர் வைப்பான், தெரியுமா?"

"தெரியும், சார்."

"இன்னும் பதினாலு மாசம் இருக்கு உங்களுக்கு."

"அதுவும் தெரியும்."

"நான் இதைப் பார்க்கவே இல்ல. எடுத்துட்டுப் போங்க. அட்டவணைல கையெழுத்தைப் போட்டுட்டு, வீட்டுக்குப் போய் முட்டைக்குச் சாயம் போடற வழியைப் பாருங்க. ஒரு ரப்பர் பட்டறைக்காரனுக்காக ஏன் இப்படி?"

"லைன் ஒருநாள்கூட நிக்கலன்னு வருஷா வருஷம் உங்களுக்குத்தானே சார் பாராட்டு வந்துச்சு? அது நின்னிருக்கணும். அந்த ஆள்தான் நிக்க விடல." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "கலினாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிட்டேன். நீங்க பார்க்கலன்னு இனிமே சொல்ல முடியாது."

லியுத்மில் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கடிதத்தைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நீங்களா விலகிக்கறதா எழுதிக் கொடுங்க. மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம். இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மணிக்குள் கலினா கணக்கைத் திருத்திவிட்டாள். ப்லோவ்திவ்காரன் முப்பத்தொன்பதாவது இடத்துக்குச் சரிந்தான். திங்கோ ரஸ்ஸோல்கோவ், தாமதம் பூஜ்யம், அந்த நாற்பத்தெட்டிலும் கேட்ட மூன்றே நாளில் சரக்கு, முதலிடம். கலினாவின் கண் சிவந்திருந்தது.

"ஆயில் சீல் முழுக்க இனி அவருக்குத்தான், அக்கா. கெடு மூணு நாள்னு ஒப்பந்தத்துலயே போடச் சொல்லிட்டார் சார். இந்த ஊர்லயே மூணு நாள்ல தர்ற ஆள் அவர் ஒருத்தர்தான்னு எண்ணு சொல்லுது. நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

வெனெதா போன் செய்து, கலினா சொன்னதையெல்லாம் திங்கோவிடம் சொன்னாள். தான் போவதைக் கடைசியில், போகிறபோக்கில் சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"இனிமே யாரு போன் பண்ணுவாங்க?"

"யாரும் பண்ணமாட்டாங்க, அண்ணே. ஆர்டர் கம்ப்யூட்டர்லயே வரும்."

"அப்படியா." ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. "அந்தப் புள்ளகிட்டச் சொல்லி அந்த மூணு நாளை அடிக்கச் சொல்லு, வெனெதா. ஒரு மாசம்னு போடச் சொல்லு."

"என்னண்ணே, மூணு நாள்ல தர்றவர்தானே நீங்க?"

"சீல் பண்ண ஒரு மாசம் ஆகும், தாயே. எல்லாருக்கும் அப்படித்தான் தர்றேன். மூணு நாள்ங்கிறது நீ கேட்டதுக்கு."

வெனெதா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிர்மேஜையில் கலினா புது அட்டவணையை அச்சடித்து, ஓரத்தைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.