வளைவில் அடித்த ஹார்ன்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கொல்லிமலை அடிவாரத்திலிருந்து சேலத்துக்கு மரம் ஏற்றிப் போகும் லாரிகள் ராத்திரியில்தான் ஓடின. பெட்ரோல் கிடைக்காததால் எல்லாம் கரி எரித்து ஓடுகிற லாரிகள். புகையும் இரைச்சலுமாக நாலைந்து வரும். ரோடு வளையுமிடத்தில் இருந்தது சின்னாத்தாளின் வீடு. அங்கே வந்ததும் ஒவ்வொன்றும் ரப்பர் ஹார்னை அமுக்கிவிட்டுத்தான் திரும்பும்.

அவள் புருஷன் அர்த்தனாரி படுத்தால் கட்டை மாதிரி. சின்னாத்தாளுக்கோ முதல் ஹார்னுக்கே விழிப்பு வந்துவிடும். அப்புறம் அடுத்த லாரிக்குக் காத்துக்கொண்டே விடிந்துவிடும். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். மண்டையிடி, கண்ணெரிச்சல், தொட்டதற்கெல்லாம் கோபம். ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டாள். நாடி பார்த்த வைத்தியர் அருணாசலம், உடம்பில் ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கினால் போதும் என்று சொல்லி அனுப்பினார். அது அவளுக்கே தெரியும்.

அன்றிரவு அவள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே போய் நின்றாள். அவிழ்ந்த தலையும் லாந்தருமாக நின்றவளைப் பார்த்ததும் லாரி குலுங்கி நின்றது. டிரைவர் ராசாமணி இறங்கவில்லை. முருகா முருகா என்று முனகுவதுதான் கேட்டது.

"நான் மனுசிதானுங்க," என்றாள் சின்னாத்தாள். "எங்க ஊட்டுக்கு நேரா வந்துதான் அதை அமுக்கோணுமா?"

ராசாமணிக்கு உயிர் திரும்பி வந்தது. மெல்ல இறங்கி, வளைவைக் கை காட்டினான்.

"அந்தத் தட்டுப்போர் மறைக்குதுங்க அம்மிணி. எதுக்க வண்டி வந்தாத் தெரியறதில்ல. போன மாசம் ஒரு மாட்டை அடிச்சிருப்பேன்."

சின்னாத்தாள் திரும்பிப் பார்த்தாள். வளைவு முனையில் ஆளுயரத்துக்கு மேல் நின்றது மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டுப் போர். தையில் அவளே நின்று போடச் சொன்ன போர். இத்தனை நாள் இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தோமே என்று வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

காலையில் அர்த்தனாரி முணுமுணுத்துக்கொண்டேதான் போரைப் பிரித்தான். சேலத்தில் மரத்தை இறக்கிவிட்டு மத்தியானம் காலி லாரியோடு திரும்பி வந்த ராசாமணி, சுமை ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுத் தானும் வேட்டியை மடித்துக் கட்டினான். பொழுது சாய்வதற்குள் போர் கொல்லைப்பக்கம் போய்விட்டது. எல்லோருக்கும் களியும் கீரையும் போட்டாள் சின்னாத்தாள். இனி இங்கே ஹார்ன் வேண்டாமென்று மற்ற டிரைவர்களிடமும் சொல்லிவிடுவதாகச் சொல்லி அவன் கிளம்பினான்.

அன்று ராத்திரி, இனி தட்டு எடுக்கக் கொல்லைக்கல்லவா நடக்க வேண்டும் என்று அர்த்தனாரி குறைபட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். சின்னாத்தாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.