பெல்ட் இல்லாத கொக்கி

பத்து பெரண்டாம் ஊரிலுள்ள தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பஷீராவுக்கு அந்த மாதம் ஒரே பாட்டுதான். வேலை நேரத்தில் மட்டுமல்ல, வீட்டுக்குப் போகும்போதும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகும்போதும் சீட் பெல்ட் போடுங்கள் என்று கேன்டீனில் சொன்னாள். சாயங்காலம் கேட்டில் நின்றும் பார்த்தாள். அவள் தலையைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து மார்பில் பிடித்துக்கொண்டு போனவர்கள், சாலை திரும்பியதும் விட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சரக்குக் கிடங்கில் வேலை செய்த விமலன், ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில், பாயா ரும்புட் அருகே லாரியின் பின்னால் மோதினான். முகம் ஸ்டியரிங்கில் அடித்து, முன்பற்கள் போய், தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியில் வாயைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அவனுடைய ஐசி அடையாள அட்டை காரிலேயே கிடக்கிறது, எடுத்து வர ஆளில்லை என்று மனைவி தேவமலர் கலங்கினாள். பஷீராவே கார் கிடந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

ஐசியைத் தேடும்போதுதான் அதைப் பார்த்தாள். பெல்ட் மாட்டும் துளையில் பெல்ட் இல்லாத வெறும் கொக்கி ஒன்று செருகியிருந்தது. அது இருந்தால் பெல்ட் போடாமல் ஓட்டினாலும் வண்டி கத்தாது. பிடுங்கினாள். சரியாகக் காயாத ரத்தம் விரலில் பிசுபிசுத்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் படித்தாள். தெங்கேராவில் கார் சாமான் விற்கும் அவள் தம்பி தாரிக்கின் கடை.

நேரே அங்கே போனாள். வாசலிலேயே வாசனை டப்பாக்களுக்குப் பக்கத்தில் கொக்கிகள் கலர்கலராகத் தொங்கின. சிலவற்றில் பூனைக்குட்டிப் படம்.

"அலாரம் தொந்தரவுன்னு கேட்டு வர்றாங்க லாத்தா. நான் விக்கலன்னா பக்கத்துக் கடைக்காரன் விப்பான் லா," என்றான் தாரிக்.

பஷீரா கையிலிருந்ததைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். விமலனின் தாடையைப் பற்றிச் சொன்னாள். தாரிக் கேட்டுக்கொண்டே டிஷ்யூ ஒன்றை உருவி, கொக்கியை ஓரமாக ஒதுக்கி, கண்ணாடியில் பட்ட கறையைத் துடைத்தான்.

"யாவாரம் நடக்குற எடம் லாத்தா. இதையெல்லாம் இங்க வைக்காதீங்க."

கூடப் பிறந்தவனின் அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கொக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் கேன்டீனில் எல்லாருக்கும் அதைத் தூக்கிக் காட்டினாள். விற்றது தன் தம்பிதான் என்பதையும் மறைக்கவில்லை. அவன் கண்ணாடியைத் துடைத்ததையும் சொன்னாள். சிலர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் கலைந்தபின் பேக்கிங் பிரிவு நிவேந்திரன் பக்கத்தில் வந்தான். ஆறுதல் சொல்ல வருகிறான் என்று நினைத்தாள்.

"அந்தக் கடை தெங்கேராவுல எந்தப் பக்கம் அக்கா? என் வண்டியும் ரொம்பக் கத்துது லா."

கொக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவனை விட்டு நகர்ந்தாள்.

அன்று சாயங்காலம் முதல் அவள் கேட்டில் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் ஜன்னலுக்குள்ளும் கையை விட்டு பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். கொக்கி இருந்தால் பிடுங்கினாள். ஹார்ன் அடித்தார்கள், முணுமுணுத்தார்கள். நிவேந்திரன் அவள் காதுபடவே திட்டினான். பெல்ட்டை மாட்டிய பிறகுதான் அவனை விட்டாள்.

பெருநாளுக்குத் தாரிக் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மூடியைக்கூடத் திறக்காமல் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.