ஆள் இல்லாத நாளுக்கு மாத்திரை

லாரிக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் அவர் மனைவி கருத்தடை மாத்திரை போடுவதில்லை. ஆளே இல்லை, மாத்திரை மட்டும் யாருக்கு என்பது அவள் நியாயம். கேட்டால் நமக்கும் சரி என்றுதான் தோன்றும். தோன்றட்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒன்று விழுங்கினால்தான் பலன் என்று, முதல் அட்டையைக் கையில் கொடுத்த அன்றைக்கே நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்போது கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சொன்னதில் பாதி காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வருவேன் என்று சொல்லிப் போன மனிதர், செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். ஏற்ற வேண்டிய சரக்கு வரவில்லையாம். அவளுக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். அந்தச் சந்தோஷத்தில் அட்டையாவது ஒன்றாவது! மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அலமாரியில் துணிக்கு அடியில் துழாவி எடுத்தாள். ஒரு வாரத்து மாத்திரை தொடப்படாமல் அப்படியே இருந்தது.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் சுருக்கம் இல்லாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால்தான். வீட்டுக்கு வந்தால் உட்காரலாமா? நல்ல கதை! இங்கே இரண்டு பிள்ளைகள், மாமியார், அடுப்பு. சின்னவன் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய பாடு. அவன் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறான். முழு ராத்திரியும் தூங்குவது என்றால் என்ன என்று இந்த ஒரு மாதமாகத்தான் அவள் மறுபடி தெரிந்துகொண்டிருக்கிறாள். இன்னொன்று வந்தால் செத்தே போவோம் என்று நினைத்தாள். நான் கூட்டிச் சொல்லவில்லை, அவள் நினைத்ததே அதுதான்.

அதனால் என்ன செய்தாள் தெரியுமா? விட்டதைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்று, நாலு மாத்திரையைப் பிதுக்கி வெறும் வயிற்றில் ஒரே மடக்காக விழுங்கிவிட்டாள். லீவு போட்ட நாட்களின் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் மேஸ்திரி சும்மா விட்டுவிடுவார் இல்லையா, அந்த மாதிரி. வயிறு என்ன மேஸ்திரியா? கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு ஓடிப்போய்க் குளியலறையில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

மாமியார் வந்து பார்த்தார். வாயெல்லாம் பல்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒண்ணும் இல்ல அத்தை. பித்தம்."

"யார்கிட்ட கதை விடற? நானும் மூணு பெத்தவதான். துடைப்பத்தைக் கீழ போடு. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன்! அந்த வீட்டில் அவள் காலடி வைத்த நாளிலிருந்து அவளிடம் யாரும் சொல்லாத சொல். மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தாள். கால் கேட்டால்தானே? போய்ப் படுத்துவிட்டாள். மாமியார் ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியைப் போட்டார், பெரியவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினார், சின்னவனைக் குளிப்பாட்டினார், சலவைக்கூடத்துக்கே போன் போட்டு அவள் இன்றைக்கு வரமாட்டாள் என்றும் சொல்லிவிட்டார். ஐயோ, அந்தச் சுகம் இருக்கிறதே! சாயங்காலம் வரைக்கும் இப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியது. கண் சொக்கியது.

சொக்கிய கண் சட்டென்று திறந்துகொண்டது. 'அப்படி ஏதாவது ஆயிட்டா அதுக்குன்னு அவசர மாத்திரை இருக்குடி, ஆனா சீக்கிரம் போடணும், தள்ளிப்போடப் போட வேலை செய்யாது' என்று உருளைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பற? இந்த வெயில்ல நீ வெளிய போகக் கூடாது." மாமியார் வழியை மறித்துக்கொண்டு, அடுத்த அறையில் தூங்கிய மகனைத் தட்டி எழுப்பினார். "டேய், எழுந்திருடா. மறுபடியும் அப்பா ஆகப்போற."

லாரிக்காரர் தூக்கக் கலக்கத்தில் விழித்தார். "அதெப்படி? இவதான் மாத்திரை போடறாளே."

"என்ன மாத்திரை?" என்றார் மாமியார்.

இனிமேல் மென்று விழுங்க என்ன இருக்கிறது? "இது புள்ள இல்ல அத்தை. புள்ள வேண்டாம்னு போடற மாத்திரை. இடையில விட்டுட்டேன். இன்னிக்கு நாலைச் சேத்துப் போட்டேன், அதான் வாந்தி."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் எங்கே போனதோ.

"இதுக்குத்தானா இவ்வளவும்? அடுப்புல பால் இருக்கு, போய்ப் பாரு."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வாந்தி எடுத்தபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். லாரிக்காரர் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"விட்டதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிட்டா வந்தீங்க?"

சுகாதார நிலையத்து நர்ஸும் அலுத்துப்போன ஆள்தான். ஆனால் திட்டவில்லை. "ஒண்ணு மறந்தா ஞாபகம் வந்த உடனே போட்டுடுங்க, அன்னிக்கு ரெண்டாப் போட வேண்டி வந்தாலும் பரவாயில்ல. ரெண்டு மூணு விட்டுட்டா, கடைசியா விட்டதை மட்டும் போட்டுட்டு மேல தொடரணும். எல்லாத்தையும் சேத்து விழுங்கக் கூடாது. நீங்க ஒரு வாரமே விட்டிருக்கீங்க. அது உங்களைக் காப்பாத்தாது."

பிஸ்கட் கொடுத்துச் சாப்பிடச் சொல்லி, அப்புறம் அவசர மாத்திரையைக் கொடுத்தாள். "மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா திரும்பி வாங்க, இன்னொண்ணு போடணும். நாளைக்கே புது அட்டை ஆரம்பிங்க. இது நூத்துக்கு நூறு இல்ல. மூணு வாரத்துல மாதவிலக்கு வரலைன்னா டெஸ்ட் எடுத்துடணும்." பிறகு சுவரைப் பார்த்து நின்ற லாரிக்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, சுவருக்குச் சொல்லல. ஏழு நாளைக்கு ஆணுறை. நீங்க ஊர்ல இல்லாட்டியும் இவங்க தினம் மாத்திரை போடணும். ஞாபகப்படுத்துங்க, போன் இருக்குல்ல?" அவர் காது சிவக்கத் தலையாட்டினார்.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது காலைப் பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடந்தன. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நேராகக் கட்டிலுக்குப் போய்ப் படுத்தாள்.

"என்ன, மறுபடியும் வாந்தியா?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

"வயித்துல ஒண்ணும் தங்கக் கூடாதுன்னு மருந்து போட்டுட்டு வந்திருக்கேன். எனக்குத்தான் அலுப்பா இருக்கு. எனக்காகவும் ஒரு நாள் படுக்கலாம்ல?"

லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு கீழே விழுந்து வீடு முழுக்க உருண்டது. என்ன ஆச்சு என்று அவள் எழுந்து பார்க்கவில்லை.